மாரிக்காலமும் ஆரணித் தறிகளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் ஜனங்களின் கண்கள் வங்கக் கடலை நோக்கித் திரும்புகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று தமிழ்நாட்டுக்குக் கொணரும் மழை சராசரி 44 சென்டிமீட்டர். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி. ஏரியும் கிணறும் நிரம்புவது இதனாலேயாம். ஆகவே மழையை வெறுப்போர் இங்கு யாருமிலர். எனினும், காற்றும் தூறலும் மாறி மாறி வரும் இப்பருவம் ஆரணி நெசவாளரை எந்நிலையில் வைக்கிறதென்பதைச் சர்க்கார் சிந்தித்ததுண்டா என்று கேட்க விரும்புகிறோம்.

இப்பருவம் கணக்குக்கு அடங்குவதன்று. 2016ல் மழை சராசரிக்கு 62 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டிலேயே டிசம்பர் 12ந் தேதி வார்தா புயல் சென்னையைக் கலக்கிற்று. 2021ல் மழை 59 சதவீதம் மிகுந்தது. 2024 நவம்பர் 30ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறிற்று. மறுநாள் நமது ஜில்லாவின் தலைநகராகிய திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 உயிர்கள் மாண்டன.

புயல் வந்தால் அமைச்சர்கள் வருகிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆனால் பத்து நாள் விடாத தூறலைப் பற்றி எழுதுவோர் யார்? நெசவாளிக்குப் பகை அதுவே. பாவைத் தெருவில் நீட்டிப் பதப்படுத்த வெயில் வேண்டும். சாயமிட்ட நூல் உலரவும் வெயில் வேண்டும். பட்டோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெசவாளி காலை இறக்கி அமரும் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை அன்றோடு நின்றது. சேலைக்கு இவ்வளவென்று கூலி பெறுகிறவனுக்குத் தறி ஓயும் நாள் அடுப்பும் ஓயும் நாள். தீபாவளிக்கும் தை முகூர்த்தங்களுக்கும் சேலை கேட்டு வியாபாரிகள் நெருக்குவதும் இதே மாதங்களில்தான் என்பதை மறக்கலாகாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. வானிலை இலாகா ஜில்லா முழுவதற்கும் ஒரு நிறத்தைக் காட்டி எச்சரிப்பதோடு நில்லாமல், வெயில் எத்தனை மணி நேரம், ஈரம் எவ்வளவு என்பதைத் தாலுகாவாரியாக இரண்டு மூன்று நாள் முன்பே நெசவாளர் சங்கங்களுக்கு அறிவிக்கலாம். பாவு நீட்டுவதற்குக் கூரையிட்ட பொதுக் கொட்டகைகளை நகரசபை எழுப்பலாம். தறிக்குழிகளுக்குச் சிமெண்டுப் பூச்சும் தெருக்களுக்கு நல்ல வடிகாலும் அமைப்பது பெருஞ்செலவன்று.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மீன்பிடித் தடைக் காலத்தில் மீனவர் குடும்பங்களுக்குச் சர்க்கார் நிவாரணம் வழங்குகிறது. அது முற்றும் நியாயமே. கடல் மூடிய நாளில் வலைக்காரனுக்குள்ள நியாயம், வானம் மூடிய நாளில் தறிக்காரனுக்கு இல்லாமற் போவது எவ்வாறு? தறி ஓய்ந்த நாட்களைச் சங்கப் பதிவேட்டிலும் மழைமானிக் கணக்கிலும் ஒப்பிட்டுப் பார்த்தே உதவித்தொகை அளிக்கலாம். பொய்க் கணக்குக்கு இடமிராது.

1905ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய ஆகஸ்டு 7ந் தேதியை, 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடி வருகிறோம். ஆகஸ்டில் மாலை சூட்டிவிட்டு, கார்த்திகையில் ஈரத் தறிக்குழியில் நெசவாளியைக் கைவிடுவது சுதேசியாகாது. மழையை நிறுத்த எவராலும் இயலாது. மழையால் வரும் பட்டினியை நிறுத்தச் சர்க்காரால் இயலும். அடுத்த பருவம் வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்கவேண்டும்.