வலிக்காத கால்

"கால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்குதுங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." சர்க்கரை வியாதியுள்ள தோழர் ஒருவர் இப்படிச் சொன்னால், நல்ல சேதி என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. வலி இல்லை என்பதுதான் அங்கே ஆபத்து.

இது பணக்காரன் வியாதி என்ற பழைய பேச்சு இனிச் செல்லாது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது உண்டென்று 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்குச் சொல்கிறது. ராத்திரி ஷிப்டு பார்க்கிறவரும் நாற்று நடுகிறவரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நரம்பு கெடுகிறது. பெரும்பாலும் கால்விரல் நுனியில்தான் தொடக்கம். சிலருக்கு எரிச்சல், குத்தல் இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. வயலில் முள் தைத்தாலும் ஆலையில் ஆணி ஏறினாலும் அதன் மேலேயே நடப்பார்கள். புண் வைத்து, சீழ் கோத்து, நாற்றம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், விரலை எடுக்க வேண்டும், காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இதை அசட்டை என்று ஏசும் கனவான்களுக்கு, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்பது தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. ஒரு நைலான் இழை போதும். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் பாரத்தில் அது வளையும். கண்ணை மூடியிருப்பவர் தொடுவதை உணர்ந்து சொல்ல வேண்டும். சில நிமிஷ வேலை.

இழையும் இல்லையா? இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர டாக்டர்கள் 2011-ல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு; அதற்கு நம் விரல்நுனியே கருவி. வியாதிக்காரர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வீட்டார் ஒருவர் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தெரியாத விரலை மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே டாக்டரிடம் போக வேண்டும். ஆறும் தெரிந்தாலும் ஆண்டுதோறும் டாக்டரிடம் பாதத்தைக் காட்டத் தவறக் கூடாது.

கெட்ட நரம்பை முழுக்க மீட்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் முன்னமே தெரிந்தால் காலைக் காப்பாற்றலாம். சர்க்கரையை அடக்கி வைக்க வேண்டும், தினம் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது. (நாள் முழுதும் சேற்றில் நிற்பவரிடம் இந்தக் கடைசிப் புத்திமதியைச் சொல்வது சுலபம்தான்!)

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய திட்டத்தால் மாத்திரை வீடு தேடி வருகிறது. வரவேற்கிறோம். மாத்திரை கொடுக்கும் கை பாதத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியானாலும் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துச் சீட்டில் எழுதட்டும். அதற்காகும் அரை நாளுக்கு முதலாளியோ மிராசுதாரரோ கூலியை வெட்டக் கூடாது. சீட்டில் எழுதாமல் அனுப்பினால் நாம் எழுந்து வந்துவிடாமல், "ஐயா, பாதத்தைப் பார்க்கவில்லையே?" என்று கேட்போம்.