சாமி பயம் போச்சா, தோட்டம் போச்சா?

ஈப்போ வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பையன் பராங் கத்தி வழக்கில் பிடிபட்டால் அதற்கான விளக்கம் மறுநாளே தயாராகிவிடும். சிலிபின் மாதா கோவில் வாசலில் பூசை முடிந்து நிற்பவர்களும், புந்தோங்கில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டரும், தேவார வகுப்பு எடுக்கும் ஐயாவும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் இதில் ஒற்றுமை: "பயலுக்குச் சாமி பயம் இல்ல." கிறிஸ்தவர்களான நாம் இதைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வோம். நன்மை எது, தீமை எது என்ற அறிவை மனிதனுக்குள் வைத்தவர் கடவுள். அவரை விட்டு விலகினால் அந்த அறிவும் விலகும். ஆகவே விசுவாசம் இல்லாத வீட்டில் ஒழுக்கம் குடியிருக்காது.

நாடும் இதைத்தான் சொல்கிறது. 1970இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிச் சபையில் கைதூக்கி அதை ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்துக்கொண்ட படம் வெளியானபோது, அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சரே பேசினார். கடவுளை நம்பாதவன் என்றால் எதையும் செய்யத் துணிந்தவன் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான். ஞாயிறு பூசையை விடுகிறவனும் இல்லை. ஆனால் இந்த நம்பிக்கை பொய். பொய் மட்டும் என்றால் சும்மா விட்டுவிடலாம், ஆளைக் கெடுக்கிற பொய்.

பிடிபட்ட பையனையே எடுத்துக்கொள்வோம். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் கும்பல்களின் பெயராக இருந்த எண்கள் நம்மவர்களுக்குப் புதிதல்ல. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உறுமி மேளத்துக்கு ஆடிக்கொண்டு போகும் கூட்டத்தின் சட்டை முதுகில் அவற்றைப் பார்த்திருக்கிறோம். கும்பல் சின்னங்களோடு ஊர்வலத்துக்கு வராதீர்கள் என்று போலீஸ் எச்சரிக்க வேண்டிய நிலை. அந்தப் பையனின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறு, புஜத்தில் முனியாண்டி பச்சை. நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கழுத்தில் சிலுவை. விரதம் இருக்கிறான், அலகு குத்துகிறான், செபமாலையை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிடுகிறான். இவனுக்கா சாமி பயம் இல்லை? சாமியைத் தவிர வேறு எவனுக்கும் அவன் பயப்படுவதில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

சரி, பக்தி நிறைந்திருந்த காலத்துக்கே போவோம். ஈப்போவின் செயின்ட் ஜான் ஆங்கிலிக்கன் கோவில் 1912இல் கட்டப்பட்டது. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் ஞாயிறு தவறாமல் அப்படிப்பட்ட கோவிலுக்குப் போகிற சமுதாயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய காலத்தில், 1920களின் இறுதியில், மலாயாவின் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, அதே மரத்தைச் சீவி, அதே வாளியைத் தூக்கியவளுக்குப் பத்து காசு குறைவு. பத்துக் கட்டளையில் அப்படி ஒன்றும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சாதிவாரியாக வீடு ஒதுக்கிய வழக்கமும் எந்த வேதத்திலிருந்தும் இறங்கி வந்ததல்ல. கடவுளை நம்பிய துரை, கடவுளை நம்பிய கிராணி, கடவுளை நம்பிய கங்காணி, கடவுளை நம்பிய நம் தாத்தா, எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இதை எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசினார். அவரை இறங்கவே விடக்கூடாது என்று முயன்ற பக்தர்களும் இருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பிய சுயமரியாதைக்காரர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சாதி கூடாது, கள்ளு கூடாது, பெண் பிள்ளையையும் படிக்க வை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சுயமரியாதைக்காரன் வந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பயந்த வீடுகளில் கள்ளுக்கடைக்குக் கூலியில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது.

இதற்குப் பதில் சொல்ல நம்மவர்கள் எடுத்துவைப்பது சிபில் கார்த்திகேசுவை. எடுத்துவைக்க வேண்டியவர்தான். மேடானில் 1899இல் பிறந்த யுரேசியக் கத்தோலிக்கப் பெண், தாதி. தைப்பிங்கில் ஆறுமுகம் கணபதிப் பிள்ளையாகப் பிறந்து, திருமணத்துக்காகக் கத்தோலிக்கராகி, அப்தன் கிளமெண்ட் கார்த்திகேசு ஆன மருத்துவரின் மனைவி. (ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்வரை ஆறுமுகத்துக்கு நல்லது கெட்டது தெரியாமலா இருந்தது?) ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக் வைத்திருந்த தம்பதி, ஜப்பானியர் வரும் தறுவாயில் பாபானுக்கு இடம் மாறினார்கள். அங்கே 74ஆம் எண் கடைவீட்டில் ரகசிய வானொலியில் பிபிசி கேட்டார்கள். காட்டிலிருந்து குண்டுக் காயத்தோடு வந்த கெரில்லாக்களுக்கு இரவில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பித்தாய் பிடித்தது. நகங்களைப் பிடுங்கினார்கள், முதுகெலும்பு சேதமாகும்வரை அடித்தார்கள். யோஷிமுரா என்ற சார்ஜெண்ட், சிபிலின் சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி மிரட்டினான். அவர் வாய் திறக்கவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து 1945இல் விடுதலையானார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். உடல் பிறகு ஈப்போவுக்கே கொண்டுவரப்பட்டது.

பிரசங்கத்தில் கதை இங்கே முடியும். "விசுவாசம்தான் அவரைத் தாங்கியது." அவரே அப்படித்தான் சொன்னார், மறுக்க நான் யார்? ஆனால் அவர் யாரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார் என்பதை மேடையில் சொல்வதில்லை. அவர் காப்பாற்றியது ஜப்பானிய எதிர்ப்புப் படையினரை. அந்தப் படையை நடத்தியது, கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன கம்யூனிஸ்ட் கட்சி. அதே கெம்பித்தாயிடம் அதே அடி வாங்கி, ஒரு பெயரும் சொல்லாமல் செத்த கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கியது எது? செபம் இல்லை, மோட்சம் இல்லை, புனித அந்தோனியார் இல்லை. காட்டில் தன்னோடு கஞ்சி குடித்தவன் சாகக்கூடாது என்ற எண்ணம் போதுமானதாக இருந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். யோஷிமுரா கடவுள் இல்லை என்றவனா? தெய்வப் பரம்பரை என்று போற்றப்பட்ட மாமன்னரின் படையாள் அவன். சிறுமியின் கீழே தீ மூட்டிய கைக்குத் தெய்வ பக்தியில் குறைவில்லை.

உடனே நாத்திகத்துக்கு மாலை போட்டுவிடாதீர்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் லாய் தெக் தன் தோழர்களை ஜப்பானியரிடம் காட்டிக்கொடுத்தவர். 1942இல் பத்து கேவ்ஸ் அருகே கட்சித் தலைவர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டது அதனால்தான். ஜப்பானியர் சரணடைந்த பிறகு துரோகி என்று சந்தேகித்தவர்களைக் காட்டுப்படை தீர்த்துக்கட்டியதில் அப்பாவிகளும் போனார்கள். 1948இல் சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் துரைமார் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றதோடு அவசரகாலம் வந்தது. நம்பினவனிலும் நல்லவன் உண்டு, கொலைகாரன் உண்டு, நம்பாதவனிலும் அப்படியே. பேராவில் ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளைப் பார்த்த யாரும், ஆளின் மதத்தைக் கேட்டு அவன் காட்டிக்கொடுப்பானா மாட்டானா என்று சொல்லியிருக்க முடியாது.

"ஆட்கள் அப்படி இப்படி இருக்கட்டும், அறம் என்ற ஒன்று இருக்கிறதே, அதைக் கொடுத்தது யார்?" என்று படித்த கிறிஸ்தவர் கேட்பார். சி. எஸ். லூயிஸ் இந்த வாதத்தை 1941 முதல் பிபிசியிலேயே பேசினார்: எல்லாருக்கும் தெரிந்த ஒரு சட்டம் உள்ளுக்குள் இருக்கிறது, சட்டம் இருந்தால் கொடுத்தவர் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதே அவசரத்தில்தான் ஜி. யு. போப் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, இவ்வளவு உயர்ந்த அறத்தை வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1960களின் இறுதியில் மு. தெய்வநாயகம் இன்னும் ஒருபடி மேலே போய், வள்ளுவரே கிறிஸ்தவர்தான் என்று வாதாடினார். அந்தப் பேச்சை இங்கேயும் மேடைகளில் கேட்டிருக்கிறேன். புலால் உண்ணாதே என்று ஓர் அதிகாரமே எழுதியவர், எழுபிறப்பைப் பற்றிப் பேசுகிறவர், எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கினாராம்? நம் கடவுளைக் கேள்விப்படாத ஒருவன் நம்மைவிட நன்றாக அறம் சொல்லிவிட்டால், ஒன்று அவனைக் களவாடிக் கிறிஸ்தவனாக்க வேண்டும், இல்லையென்றால் நம் கொள்கையைக் கைவிட வேண்டும். போப் ஐயர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். தமிழை அப்படி நேசித்த மனிதருக்குக்கூட அந்தக் கொள்கை கண்ணை மறைத்தது. இன்னா செய்யாமைக்கு வள்ளுவர் காட்டும் காரணங்களில் ஒன்று மிக எளிது: உனக்கு வலித்தது உனக்குத் தெரியும், தெரிந்தும் ஏன் அடுத்தவனுக்குச் செய்கிறாய்? இதைப் புரிந்துகொள்ள வானத்திலிருந்து எதுவும் இறங்க வேண்டியதில்லை.

கடவுள் சொன்னால்தான் அறம் என்பவர்களுக்கு நம் சபை வரலாற்றிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூர்ச் சபையில் பெரும் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர், அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் நாம் பாடுகிறோம். இரு பக்கமும் ஒரே பைபிள், ஒரே செபம், ஒரே கடவுள். வில்சன் பக்கம்தான் நியாயம் என்று இன்று நமக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. எப்படித் தெரிந்தது? வேதத்தின் எந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வது, எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது என்று முடிவுசெய்ய, வேதத்துக்கு வெளியே ஒரு நியாயம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தால்தான் முடியும். தாழ்த்தி உட்காரவைக்கப்பட்டவனின் முகத்தைப் பார்த்ததில் வந்த நியாயம் அது.

வேதமும் இதற்கு எதிரி இல்லை என்பதுதான் வேடிக்கை. மோசேயின் சட்டம் கிடைக்காத புறவினத்தாரும் இயல்பாகவே அதன்படி நடக்கிறார்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவனை விட்டு ஒதுங்கிப் போகிறவர்கள் ஒரு குருவும் ஒரு லேவியனும், அதாவது அன்றைய பாஸ்டரும் உபதேசியாரும். நின்று காயத்தைக் கட்டியவன் அவர்கள் கணக்கில் தப்பான மதத்துக்காரன். இயேசு கதை சொன்னவிதம் அப்படி. "அந்த இயல்பையும் வைத்தவர் கடவுள்தானே" என்றால், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அப்போது அது நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் சமமாகக் கிடைத்தது என்று ஆகிறது. சாமி பயம் இல்லாதவனுக்கு ஒழுக்கம் இல்லை என்ற பேச்சு அங்கேயே செத்துப்போகிறது.

குடியையும் கும்பலையும் விட்டு ஆண்டவரிடம் வந்து திருந்தியவர்கள் உண்டு, எனக்கே தெரியும். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் திருந்தியவனின் கதையைக் கவனித்துக் கேளுங்கள். வாராவாரம் அவன் வரவில்லை என்றால் தேடிப் போன நாலு பேர் அதில் இருப்பார்கள், வேலை பார்த்துக் கொடுத்த ஓர் அண்ணன் இருப்பார், ஞாயிறு சாப்பாடு இருக்கும். ஒரு காலத்தில் லயம் செய்துகொண்டிருந்த வேலை அது. வேலைக்குப் போன தாயின் பிள்ளைக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. பைப்படியில் பீடி பிடித்த பையனை எந்த மாமாவும் காதைத் திருகலாம். ஒரு சாவு என்றால் வரிசை முழுக்க அடுப்பு எரியாது. சொர்க்கம் ஒன்றுமில்லை, அங்கே குடியும் அடியும் சாதியும் தாராளமாக இருந்தன. ஆனால் ஒருவன் செய்கிறதை இன்னொருவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனி தோட்டத்தை விற்றபோது அந்தக் கண்கள் நாலாப் பக்கமும் சிதறின. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவரை நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் சீவியவளுக்கு 600 நாள் கூலி. வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும், மாற்று வீடு தந்தாக வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. மலிவு விலை அடுக்குமாடிக்கோ புறம்போக்குக் குடிசைக்கோ போன குடும்பத்தில், தாய் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட், தகப்பன் லோரியில். பையனைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டு, "நம்ம ஆளு" என்றது கும்பல். அவன் பாட்டி விட்டு வந்த இடத்தில் இன்று செம்பனை, இல்லையென்றால் வீடமைப்புத் திட்டம். இவ்வளவையும் ஒரே வரியில் "சாமி பயம் இல்ல" என்று முடித்துவிட்டால் விற்ற கம்பெனிக்கு வசதி, பார்த்துக்கொண்டிருந்த அரசுக்கு வசதி, ஓட்டு வாங்கிப் போனவர்களுக்கு வசதி. குற்றவாளிக் கூண்டில் பதினேழு வயதுப் பையனும் அவனைச் சரியாக வளர்க்காத அம்மாவும் மட்டும்.

அதற்கு முன்பே, துரைமாரின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேறுவிதமாக யோசித்தவர்களும் இதே பேராவில் இருந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, துரைமார் விற்ற தோட்டத்தைத் தொழிலாளியே வாங்க வைத்தார். கெடாவில் புக்கிட் சீடிம் முதலாவது. பிரசங்கம் எதுவும் அந்த லயங்களைக் காப்பாற்றவில்லை. ஈயம் பூசிய டப்பாவில் சேர்த்த பத்து வெள்ளி காப்பாற்றியது. கொடுத்தவர்களில் மாரியம்மனைக் கும்பிட்டவர், மாதாவைக் கும்பிட்டவர், எதையும் கும்பிடாதவர் எல்லாரும் உண்டு. ரசீதில் மதத்துக்குக் கட்டம் கிடையாது.