கேபிளை வெட்டச் சொல்லும் மேதாவிகளுக்கு...

தேர்வு முடிந்தது, அரியர் வருமா வராதா என்று யோசித்துக்கொண்டு ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருக்கும்போதுதான் இந்த மாதிரி கோபமெல்லாம் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் :)

விஷயம் இதுதான். வகுப்பு நண்பன் ஒருவன், சென்னைக்காரன், தன் வீட்டில் கேபிளை வெட்டிவிட்டதாக விடுதி முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான். "இன்னுமாடா உங்க வீட்ல கேபிள் ஓடுது? நெட் போடு, ஓடிடி போடு, மொட்டை மாடியில ஒரு ஆன்டெனா வை, முடிஞ்சுது. அமெரிக்காவுல எல்லாரும் அப்படித்தான்." கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் உத்திரமேரூர் பக்கத்து ஆள். எங்கள் வீட்டில் இன்னும் கேபிள்தான். கற்கால மனிதனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

சரி, அவன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். நெட், ஓடிடி, ஆன்டெனா. மூன்று கால் உள்ள முக்காலி. எங்கள் ஊர்த் தரையில் அது நிற்குமா என்று பார்க்கலாம்.

முதலில் ஆன்டெனா. அமெரிக்காவில் கேபிளை வெட்டியவன் மாடியில் ஆன்டெனா வைக்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 2009 ஜூன் 12ஆம் தேதி அங்கே பெரிய நிலையங்களின் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன்பே டிஜிட்டல் ஒளிபரப்பைத் தயார் செய்தார்கள். பழைய டிவி வைத்திருந்தவர்கள் மாற்றுப் பெட்டி வாங்க அரசாங்கமே 40 டாலர் கூப்பன் கொடுத்தது. இன்றும் அங்கே ஆன்டெனா வைத்தால் பெரிய சேனல்கள் எல்லாம் காசில்லாமல் வருகின்றன. இங்கிலாந்தில் ஃப்ரீவியூ 2002லிருந்து இருக்கிறது, அதுவும் அதே கதைதான்.

இங்கே என்ன நடந்தது? சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15இல். எங்கள் ஊரில் டிவி வைத்திருந்த ஒன்றிரண்டு வீட்டுக் கூரைமேல் அலுமினியக் கம்பி வடகிழக்கே சென்னையைப் பார்த்து நிற்குமாம். காற்றடித்தால் அது திரும்பிவிடும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "போதும் போதும்... ஐயோ போச்சு... கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்த, ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் பாதி இப்படியே ஓடிவிடும் என்று அப்பா சொல்வார். புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் மாதா மாதம் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

அந்தக் கோபுரங்களைத்தான் மூடிவிட்டார்கள். எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர, நாடு முழுக்க இருந்த அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக 2021இல் பிரசார் பாரதி அறிவித்தது. பழைய தொழில்நுட்பம், மின்சாரச் செலவு, அலைக்கற்றை வீண் என்று காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். அனலாக் சாகவேண்டியதுதான். ஆனால் அதன் இடத்தில் என்ன வந்தது? 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அதில் வந்ததும் தூர்தர்ஷனின் சொந்தச் சேனல்கள் மட்டுமே. அதைப் பிடிக்க டிவிபி-டி2 ட்யூனர் வேண்டும். காஞ்சிபுரத்தில் மூன்று கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் செட்டாப் பாக்ஸை எடுத்து நீட்டினார், ஒருவர் ஃபயர் ஸ்டிக்கை நீட்டினார், மூன்றாமவர் "என்ன தம்பி, ரேடியோவா?" என்றார்.

ஆக, நண்பா, உன் முக்காலியில் ஒரு கால் ஏற்கெனவே இல்லை. அமெரிக்கச் சமையல் குறிப்பை எடுத்து வந்தாய். அரிசி, பருப்பு இரண்டும் இருக்கிறது, அடுப்புதான் இல்லை.

"அப்போ டிடி ஃப்ரீ டிஷ் வையேன்" என்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும், என் கோபத்தில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது.

2004 டிசம்பரில் 33 சேனல்களோடு டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது இது. ஒரு தடவை குடை ஆன்டெனாவும் பெட்டியும் வாங்கிவிட்டால் போதும், மாதச் சந்தா கிடையாது. இன்றைக்கு நான்கு கோடி வீடுகளுக்குமேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஏழை வீட்டில் கேபிளை வெட்டினால் கவலையே இல்லை. ஹிந்தி சீரியல், ஹிந்திப் படம், ஹிந்திச் செய்தி என்று வரிசையாக வரும். சேனல் இடங்களை பிரசார் பாரதி ஏலம் விடுகிறது, ஹிந்தி நிறுவனங்கள் போட்டி போட்டு எடுக்கின்றன. அவர்களுக்கு அங்கே கோடிக்கணக்கில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள், விளம்பரம் வருகிறது.

தமிழுக்கு? டிடி தமிழ் வருகிறது. 2024 ஜனவரி வரை பொதிகை என்று பெயர் இருந்ததே, அதேதான். சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் கிடையாது. காரணம் சுலபம். நம்மூரில் வீட்டுக்கு வீடு கேபிள் இருக்கிறது, கேபிளில் சேனலுக்குக் காசு வருகிறது, அப்புறம் எதற்கு இலவசமாகக் கொடுப்பார்கள்? தமிழ்ச் சேனல் இல்லாததால் இங்கே யாரும் ஃப்ரீ டிஷ் வைப்பதில்லை. யாரும் வைக்காததால் தமிழ்ச் சேனல் வருவதில்லை. இந்த வட்டத்தை உடைக்கவேண்டியது பிரசார் பாரதியின் வேலை. ஏலத்தொகையை மட்டுமே பார்க்கும் வரை உடையாது. ஒரே வரிப்பணத்தில் ஓடும் ஒரே செயற்கைக்கோள் சேவையில், ஹிந்தி பேசும் ஏழைக்கு ஒரு கணக்கு, தமிழ் பேசும் ஏழைக்கு வேறு கணக்கு. ஹிந்தித் திணிப்பு என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள்கூட இதை ஏன் பேசுவதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை.

1995இல் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு சொன்னது. பொதுச் சொத்து என்றால் எங்க ஆயாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டுதானே? அந்தப் பங்கு எங்கே?

அடுத்து, நெட்டும் ஓடிடியும். போன கோடையில் நாங்களும் கேபிளை வெட்டிப் பார்த்தவர்கள்தான். நான்தான் வீட்டில் பிடிவாதம் பிடித்து வெட்டவைத்தேன் (இதை விடுதியில் சொல்லவில்லை, ஹி ஹி). கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஆயா சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணி வரை எழமாட்டாள். சன் டிவியில் ஒன்று, விஜய்யில் ஒன்று, ஜீ தமிழில் ஒன்று. கேபிளில் ரிமோட்டில் மூன்று எண், அவ்வளவுதான். எண்ணை ஆயா மனப்பாடமாக வைத்திருக்கிறாள், எழுதப் படிக்கத் தெரியாது. அதே மூன்றையும் ஓடிடியில் பார்க்கவேண்டுமானால் சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 என்று மூன்று செயலிகள். அவரவர் சந்தா, அவரவர் பாஸ்வேர்டு. டிவியோ 2006இல் தொடங்கிய திட்டத்தில் கலைஞர் அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி. அதில் ஸ்டிக்கைச் செருக ஓட்டையே கிடையாது. என் போனைச் செம்பின்மேல் சாய்த்து வைத்துக் காட்டினேன். ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சியே தெரியலயேடா" என்று எழுந்து போய்விட்டாள்.

டேட்டா கணக்கு இன்னும் மோசம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் 239 ரூபாய் ஜியோ திட்டம் 299 ஆனது. சாதாரணத் தரத்தில் பார்த்தாலே மணிக்கு ஒரு ஜிபி வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. எச்டி என்றால் மூன்று ஜிபி. ஆயாவின் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபி பாதியில் தீர்ந்துவிடும், வில்லி விஷத்தைக் கலக்கும் சமயம் பார்த்து வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் அந்த 28 நாள் மோசடி! மாதம் என்று சொல்லிக்கொண்டு வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்யவைக்கிறார்கள். 299ஐ 13ஆல் பெருக்கினால் 3,887 ரூபாய். இதில் ஓடிடி சந்தா சேரவில்லை. எங்கள் கேபிளுக்கு மாதம் 250 வீதம் வருடத்துக்கு 3,000. அதுவும் கையில் காசு இல்லாத மாதம் "அடுத்த மாசம் சேர்த்துக் கொடுக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார் கேபிள் அண்ணன். எந்த செயலி அப்படிச் சொல்லும்?

"ஃபைபர் போடு, அளவில்லாமல் வரும்" என்றும் அறிவுரை வந்தது. போட்டோம். போட்டவர் யார் தெரியுமா? அதே கேபிள் அண்ணன். அதே கம்பம், கேபிள் ஒயரை ஒட்டியே ஃபைபர் ஒயர். கேபிளை வெட்டியதில் எனக்குக் கிடைத்த விடுதலை இதுதான், 250 கொடுத்த ஆளுக்கே 500 கொடுத்தேன். ஏரிக்கரைச் சாலையில் ஜேசிபி தோண்டியபோது ஃபைபர் அறுந்தது. நெட், டிவி இரண்டும் சேர்ந்து நாலு நாள் போச்சு. ஆயா அந்த நாலு நாளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் செட்டாப் பாக்ஸ் திரும்பி வந்தது.

கேபிளை நான் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கேபிள் யோக்கியமாக நடந்த கதையும் இல்லை. சுமங்கலி கேபிள் விஷன் காலத்து ஏகபோகம் எல்லோருக்கும் தெரிந்ததே. தி.மு.க. தலைமைக்கும் மாறன் சகோதரர்களுக்கும் மனக்கசப்பு வந்த 2007இல்தான் அரசு கேபிள் நிறுவனமே பிறந்தது. சமாதானம் ஆனதும் அது தூங்கிவிட்டது. 2011இல் ஜெயலலிதா எழுப்பி மாதம் 70 ரூபாய் என்றார். 70 ரூபாய்! பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது, 2019இல் டிராயின் புதிய கட்டண முறை வந்தது. "நீங்கள் விரும்பும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. 100 சேனலுக்கு அடிப்படை 130 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அதற்குமேல் சன் டிவி தனியாக 19, விஜய் 17. தனித்தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாத மாதிரி விலை வைத்து, எல்லோரையும் மூட்டைக்குள்ளேயே தள்ளினார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் பராந்தகச் சோழன் காலத்தில் குடவோலை முறையில் ஆள் எடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிற ஊர் எங்கள் ஊர். சேனல் தேர்ந்தெடுக்க மட்டும் எங்களுக்குச் சுதந்திரம் இல்லை :(

2022 நவம்பரில் மென்பொருள் நிறுவனத்தோடு வந்த தகராறில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் இருண்டு போனதும் நினைவிருக்கும். ஆக, கேபிளிலிருந்து தப்பிக்கவேண்டும் என்ற ஆசை தப்பில்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. தப்பிப்பதற்கு வழி போடாமல், தப்பிக்காதவனைப் பார்த்துச் சிரிப்பதுதான் தப்பு.

வழி போட முடியாதா என்றால், முடியும். ஃப்ரீ டிஷ்ஷில் மொழிவாரியாக இடம் ஒதுக்கலாம், ஏலத்தின் தொடக்க விலையைத் தமிழுக்குக் குறைக்கலாம். கலைஞர் கொடுத்த டிவியை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன மாநில அரசுக்கு, ஒரு குடையும் பெட்டியும் கொடுப்பது பெரிய செலவா? 12,525 ஊராட்சிகளுக்கும் பாரத்நெட் ஃபைபர் இழுக்கிறோம் என்று தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தை அமைத்தார்களே, அது ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல் வீட்டுக்குள் மலிவு விலையில் வரட்டும். சிம் கார்டு இல்லாமல், டேட்டா இல்லாமல் நேரடியாகப் போனுக்கே ஒளிபரப்பும் டி2எம் சோதனை டெல்லியிலும் பெங்களூரிலும் நடந்திருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் அதை எதிர்க்கின்றன. ஏன் எதிர்க்கின்றன என்று யோசியுங்கள். ஆயா ஒன்றரை ஜிபி வாங்காமல் சீரியல் பார்த்துவிடுவாளே!

இதில் ஒன்றாவது நடந்த பிறகு என் சென்னை நண்பன் வரட்டும். செங்கல்பட்டில் இறங்கினால் உத்திரமேரூர் பஸ் இருக்கிறது. நானே கட்டிங் பிளேயரைக் கையில் கொடுத்துக் கம்பத்தைக் காட்டுகிறேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஏழு மணிக்கு அந்த 14 அங்குலப் பெட்டி ஓடும். இந்த மாதப் பாக்கியை இன்னும் கொடுக்கவில்லை, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.