சாவடிக்கு மூவர்!

தோழனே!

கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டுவிட்டு மேடையேறியவன் நான். கணக்குப் பாடமென்றால் அந்நாளிலேயே கசப்பு. ஆயினும் இன்று உன்னிடம் நான் கொண்டு வந்திருப்பது கணக்குத்தான்! கசக்கும், கசப்பதுதானே மருந்து, பொறுத்துக்கொள்.

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல். திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய விருதுநகர்க் களம். காங்கிரசின் மாணிக்கம் தாகூர் பெற்றவை 3,85,256 வாக்குகள். தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன் பெற்றவை 3,80,877. இடைவெளி 4,379! வென்ற தரப்பு விழா எடுத்தது. தோற்ற தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது. அந்த வழக்கு கிடக்கட்டும். அந்த எண் நம்மீது தொடுக்கும் வழக்கைக் கேள்.

2,190 பேர், ஆம், அத்தனை பேர் மட்டும் இப்பக்கமிருந்து அப்பக்கம் சாய்ந்திருந்தால், ஒரே ஒரு வாக்கில் தீர்ப்புத் திரும்பியிருக்கும். அத்தொகுதியின் வாக்குச்சாவடிகளோ ஆயிரத்துக்கும் மேல். வகுத்துப் பார்! சாவடிக்கு மூவர்கூடத் தேவையில்லை. தேநீர்க் கடைப் பலகையில் நெருங்கி உட்காரும் மூவர். நாடாளுமன்ற நாற்காலியின் கால்கள் அந்த மூவர் தோளில்!

"என் ஒரு வாக்கிலா உலகம் கவிழும்?" என்று சோம்பல் முறிக்கும் நண்பனிடம் 1967ஐ நினைவூட்டு. அதே விருதுநகர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராய் இருந்தவர், பிரதமர்கள் இருவரை அரியணையேற்றக் காரணமானவர், காமராசர், தம் பிறந்த ஊரிலே நின்றார். எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். மலை சரிந்தது, சரித்த வாக்குகள் 1,285! மாற்றி வாக்களித்திருக்க வேண்டியவர்கள் 643 பேர். ஒரு திருமண வீட்டுப் பந்தியில் அமர்வோர் தொகை, தமிழ்நாட்டு வரலாற்றின் ஒரு பக்கத்தை எழுதிற்று.

அருப்புக்கோட்டையைப் பார். 1977இல் எம்.ஜி.ஆர். இங்கே வென்று முதலமைச்சரானார். 1980இல் அவரே மதுரை மேற்குக்குச் சென்றார். 2001இல் அ.தி.மு.க.; 2006இல் தி.மு.க.; 2011இல் அ.தி.மு.க.; 2016இல் மீண்டும் தி.மு.க.! எவருக்கும் பட்டா எழுதித் தராத மண் இது. "இது நம் கோட்டை" என்று மார்தட்டும் மாவீரர்களே, கோட்டை என்பது ஊர்ப்பெயரில் மட்டுமே உண்டு. உங்கள் உரிமைச் சாசனத்தில் இல்லை!

இந்த நூலிழை உண்மையை நாம் மறந்தாலும், சூதாடிகள் மறப்பதில்லை. குண்டாற்றங்கரைத் திருச்சுழிக்கு வா. அது இராமநாதபுரம் நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. 2024இல் அங்கே பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார் ஓ. பன்னீர்செல்வம். அவரோடு பட்டியலில் அதே பெயரில் வேறு ஐவர்! வாக்காளனின் அறிவை நம்பாமல், அவன் கண் மயங்குமென்று நம்பும் கலை! அங்கே நவாஸ் கனி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வேறுபாட்டில் வென்றதால், அந்தப் பெயர்க் குழப்பம் தீர்ப்பைத் தொடவில்லை. ஆனால், விருதுநகரைப்போல் நான்காயிரத்தில் ஊசலாடியிருந்தால்? மக்கள் தீர்ப்பை மயக்கமன்றோ எழுதியிருக்கும்!

அடுத்தது பணம். 2009 சனவரியில் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. அதன்பின், வாக்குக்குப் பணம் என்பதற்கு அவ்வூர்ப் பெயரையே சூத்திரமாக்கிவிட்டது நாடு. பாவம், ஊர் செய்த பிழை என்ன? தொடங்கியவர் யாரென்று சுட்டுவிரல் நீட்டுவோர், மறு கையில் உறையை ஒளித்துக்கொண்டல்லவா நீட்டுகிறார்கள்! ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள். ஐந்தாண்டு என்பது 1,826 நாள். நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து காசு தேறாது. அந்த விலைக்கா மானமுள்ள மனிதன் தன் குரலை விற்பது?

நான் எழுதும் நாடகத்தில் ஒரு காட்சி. மிளகாய் வற்றல் காயும் களம். தொண்டன் வருகிறான்.

"பெரியவரே, உங்கள் வாக்கு யாருக்கு?"

"கொடுத்தவருக்கு, தம்பி."

"இரு தரப்பும் கொடுத்தால்?"

"முதலில் வந்தவருக்கு."

"அப்படியானால், உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் யார் கொண்டு வருவார்?"

பெரியவர் பேசவில்லை, வானத்தைக் காட்டினார்.

சிரிக்காதே, தோழனே! அந்த விரல் வானத்தைச் சுட்டவில்லை, நம்மைச் சுட்டிற்று. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 14,400 கோடி ரூபாய்த் திட்டம் என்றார்கள். அதன் நிலையென்ன என்று தேர்தல்தோறும் எத்தனை மேடைகளில் முழங்கினோம்? எந்தத் தெருவில் எந்தச் சாதி எத்தனை தலை என்று எண்ணத் தெரிந்த நமக்கு, எந்தக் கண்மாயில் எத்தனை அடி வண்டல், எத்தனை ஏக்கர் சீமைக்கருவேலம் என்று எண்ணத் தெரிந்ததா? நெசவுத் தறி ஏன் ஓய்ந்தது, இளைஞன் ஏன் திருப்பூருக்குப் பேருந்தேறினான் என்று கேட்டோமா? நாம் கொள்கையோடு செல்லாத வீட்டுக்குத்தான் உறை முதலில் செல்கிறது!

ஆகவே, பணி இதுதான். வாக்காளர் பட்டியலைக் கையிலெடு. விடுபட்ட பெயரைச் சேர். இறந்தவர் பெயரை நீக்க எழுதிக்கொடு. உன் சாவடியில் மூவரைத் தேர்ந்துகொள்: வாக்களிக்கச் சலித்தவன் ஒருவன், விற்கத் துணிந்தவன் ஒருவன், சாதியால் சாய்ந்தவன் ஒருவன். அவர்களோடு கண்மாய்க்கரையில் உட்கார்ந்து பேசு. மாலை வேண்டாம், மேளம் வேண்டாம். முதலில் அவர்கள் குறையைக் கேள், பிறகு உன் கொள்கையைச் சொல். நம் தரப்பிலிருந்தே உறை வந்தாலும், "இது என் இயக்கத்துக்கு இழுக்கு" என்று திருப்பியனுப்பு!

சாவடிக்கு மூவர்! அந்த மூவரை உறை வெல்வதா, உண்மை வெல்வதா? விடை என் பேனாவில் இல்லை, தோழனே. உன் காலடியில் இருக்கிறது. நட!