கம்பைலருக்குச் சாதி தெரியாது, வகுப்பறைக்குத் தெரியும்

முதல் செமஸ்டர், சி புரோகிராமிங் வகுப்பு. ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல கம்ப்யூட்டர் இருக்கிறவங்க கை தூக்குங்க." பாதிப் பேர் தூக்கினார்கள். "மத்தவங்க கொஞ்சம் கஷ்டப்படுவீங்க" என்று சொல்லிவிட்டு, கை தூக்கியவர்களுக்கு மட்டும் பாடம் நடத்தத் தொடங்கினார். நாமக்கல் பக்கம் நான் படித்த கல்லூரி அது. நான் கை தூக்கவில்லை.

அடுத்த வாரம் ஸ்காலர்ஷிப் பட்டியலோடு வந்து, "எஸ்.சி. பசங்க எழுந்து நில்லுங்க" என்றார். நின்றோம். அதற்குப் பிறகு லேபில் எங்களோடு ஒரே கம்ப்யூட்டரில் உட்கார ஆள் வரவில்லை.

"கோடுக்கு ஏதுப்பா சாதி?" என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணை நினைவூட்டுகிறேன். 2015இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு தேர்வில், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களை அச்சடித்தார்கள். பெரியார் பெயரில் இயங்கும் பல்கலைக்கழகம்! இதே காற்றைத்தான் கம்ப்யூட்டர் லேபும் சுவாசிக்கிறது.

இப்போது 'மெரிட்' கதைக்கு வருவோம். நம் அரசுப் பாடநூல் 11ஆம் வகுப்பில் சி++, 12ஆம் வகுப்பில் பைதான் சொல்லித் தருகிறது, தமிழிலேயே. மாறி, அணி, செயற்கூறு என்று படித்துத் தேறிய பிள்ளை, கல்லூரியில் 'வேரியபிள், அரே, ஃபங்ஷன்' என்று வேகமாகக் கேட்டதும் விழிக்கிறது. உடனே "பேசிக்கே இல்ல" என்று முத்திரை. அதற்குத் தெரிந்தது பாடம், தெரியாதது இங்கிலீஷ். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோதும் சிவில், மெக்கானிக்கலோடு நிறுத்திக்கொண்டது. அப்பன் வாங்கித் தந்த லேப்டாப்பையும் கான்வென்ட் இங்கிலீஷையும் திறமை என்று எண்ணி மார்க் போடுவதற்குப் பெயர்தான் மெரிட்!

என் அம்மா சேகோ ஆலையில் நாளெல்லாம் ஜவ்வரிசி சலிப்பார். கண்ணியைவிடச் சிறியது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். 'இஃப்–எல்ஸ்' என்பது அவ்வளவுதான். அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும். யாரும் சொல்லாததால் எனக்கு அது ஓர் அரியர்.

கம்பைலர் நேர்மையானது. பிழை எந்த வரியில் என்று சொல்லும், திருத்தினால் ஏற்றுக்கொள்ளும். நம் ஆசிரியர்களோ பிழை எந்தச் சேரியில் என்று தேடுகிறார்கள்.

மாணவத் தோழர்களே, ஒதுங்கிப் போகாதீர்கள். ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதே என்று எழுதிக் கொடுங்கள். முதல் செமஸ்டரில் தமிழ்ச் சொல்லையும் சேர்த்துச் சொல் என்று கேளுங்கள். லேப்டாப் இல்லாதவர்களுக்கு மாலையிலும் லேபைத் திறந்து வை என்று கேளுங்கள். லேபில் யார் யாரோடு உட்காருவது என்பதை வருகைப் பதிவேட்டு வரிசை முடிவு செய்யட்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி 2012இலேயே விதி போட்டது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாளைக்கே கேளுங்கள்.

பதில் வராவிட்டால், பிழை எந்த வரியில் என்று நமக்குத் தெரிந்துவிடும். திருத்தும் வரை விடக்கூடாது.

ஜெய்பீம்.