நாளைக்கு வாங்கப்போற கேமராவுக்கு இன்னிக்கே ஃபிஷ்ஐ லென்ஸா?

கிராப் சென்சார் கேமரா வச்சிருக்கிற ஒரு காலேஜ் பையன் ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கணும்னு வாயைத் திறந்தா போதும், பக்கத்துல ஒரு அண்ணன் முளைச்சிடுவார். "தம்பி, 15 எம்எம் வாங்கிடு. நாளைக்கு ஃபுல் ஃப்ரேமுக்குப் போவேல்ல, அப்பவும் உதவும்." அக்கறையான பேச்சுதான். ஆனா அதை நம்பி ரெண்டு வருஷம் சேர்த்த காசைக் கொட்டினா, பையனுக்கு ஃபிஷ்ஐ கிடைக்காது. அதான் வயித்தெரிச்சல்.

ஃபிஷ்ஐக்குக் காசு கொடுக்கிறதே ஒரு மூலையிலேர்ந்து எதிர் மூலை வரைக்கும் 180 டிகிரி பார்க்கணும், கோடெல்லாம் வில்லா வளையணும்னுதான். கேனன் 15 எம்எம், நிக்கான் 16 எம்எம் ரெண்டும் அந்த 180ஐக் கொடுக்கும், 35 எம்எம் பிலிம் அளவு சென்சார்ல. கிராப் சென்சார் அதே படத்தோட நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கும். மிச்சம் சுமார் 105 டிகிரி. அதுவும் எது போகுதுன்னு பாருங்க: வளைவு நல்லாத் தெரியற ஓரம்தான் போகுது. கைக்கு வர்றது ஃபிஷ்ஐயும் இல்ல, ஒழுங்கான வைட் ஆங்கிளும் இல்ல. பார்க்கிறவங்க லென்ஸ்ல ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க :-)

"நாளைக்கு உதவும்" கணக்கையும் பார்ப்போம். வாங்காத மெஷினுக்கு யாரும் தேய்மானம் எழுத மாட்டாங்க. பி.காம் முதல் வருஷப் பாடம் இது. கிராப்புக்குன்னே செஞ்ச லென்ஸை இன்னிக்கு வாங்கி, நாலு வருஷம் ஆசை தீரப் படம் எடுத்துட்டு, ஃபுல் ஃப்ரேம் வர்ற அன்னிக்கு வித்துடலாம். விலையில விழற துண்டு அந்த நாலு வருஷத்து வாடகை. அண்ணன் சொல்ற வழியில அந்த நாலு வருஷமும் வீண். பிலிம் கேமராவும் கூடவே வச்சிருக்கிறவங்க மட்டும் 15 எம்எம் வாங்கட்டும், அவங்களுக்கு நியாயம் இருக்கு. ரெண்டு சென்சாருக்கும் பொருந்தற கேனன் 8-15 ஜூம் 2011ல வந்துச்சு. நல்ல லென்ஸ். ஆனா அந்த விலைக்கு மாணவன் எங்க போவான்?

கிராப்புக்குன்னு பொறந்ததுங்க தனியா இருக்கு. நிக்கான் 10.5 எம்எம் 2003லயே வந்தாச்சு. சிக்மா 10, டோக்கினா 10-17 ஜூம், சாம்யாங் 8 எல்லாம் அதுக்கப்புறம். எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. பெலாரஸ்ல செஞ்ச பெலெங் லென்ஸும் 8 எம்எம்தான். அது ஃபுல் ஃப்ரேம்ல முழு வட்டமா படம் தர்றது. கிராப்ல மாட்டினா வட்டம் மேலயும் கீழயும் வெட்டுப்பட்டு, ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்கும்.

சாம்யாங் பேரைச் சொன்னாலே "ஆட்டோஃபோகஸ் இல்லையே"ம்பாங்க. நிக்கான் 10.5ல மோட்டார் கிடையாது, டி40, டி60, டி5000 மாதிரி பாடிகள்ல அதுவும் கையாலதான் சுத்தணும். அதை யாரும் சொல்றதில்ல! 8 எம்எம்ல எஃப்/8 வச்சு அரை மீட்டர்ல ஃபோகஸ் நிறுத்தினா, ஏறக்குறைய கால் மீட்டர்லேர்ந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் தெளிவா விழும். அப்புறம் எதுக்கு மோட்டார்? ஓரத்துல நிக்கிற ஆள் நசுங்கறதும் சாம்யாங்ல குறைவு, அது படத்தை வளைக்கிற முறை வேற. குறைன்னா, கேனனோட 1.6 கிராப்ல 180 முழுசா வராது, சுமார் 167தான். அபர்ச்சரையும் கையாலதான் திருப்பணும்.

"சாஃப்ட்வேர்ல நிமிர்த்திக்கலாம்"னு ஒரு கட்சி இருக்கு. நிமிர்த்தறதுக்கு ஃபிஷ்ஐ எதுக்கு? ஓரமெல்லாம் இழுபட்டு மங்கலாகும். நேர்கோடு வேணும்னா 12-24 மாதிரி ஒரு வைட் ஜூம் வாங்கட்டும். ஃபில்டர் மாதிரி முன்னாடி திருகற அடாப்டரைப் பத்தி எழுதினா நேரம்தான் வீண்.

கடைக்குச் சொந்த பாடியைக் கையோட கொண்டு போகணும். லென்ஸை மாட்டி, பார்வையை நேரா வச்சு, ஃப்ரேமோட ஒரு மூலை கீழ வர்ற மாதிரி கேமராவைச் சாய்ச்சா, பிடிச்சிருக்கிறவரோட செருப்பு முனை அந்த மூலையில தெரியணும். அண்ணனோட 15 எம்எம்ல அங்க தெரியறது கிட்டத்தட்ட நாலடி தள்ளியிருக்கிற தரை.