களத்தில் இறங்குமுன்

பொங்கல் நெருங்கிவிட்டால் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலே கபடிக் களங்கள் உயிர் பெறுகின்றன. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளும் ஆட்டத்தில் சளைத்தவர்கள் அல்லர். மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்களுக்கு வலிமையில் என்ன குறை? ஆயினும் மலையேறும் வலிமை வேறு. ஓடிவந்து சட்டென நின்று, உடல் திருப்பி, ஒற்றைக் காலில் குதித்து ஊன்றும் பழக்கம் வேறு. எவரும் மோதாமலேயே முழங்காலின் சவ்வு கிழிந்துபோவது பெரும்பாலும் அத்தகைய திருப்பத்தில்தான்.

இதைத் தவிர்க்கப் பணம் வேண்டாம். இருபது நிமிடம் போதும். மெதுவான ஓட்டம், ஒற்றைக் காலில் நிலைகொள்ளுதல், தோப்புக்கரணம் போல் உட்கார்ந்தெழுதல், முழங்கால் உட்புறம் சாயாதபடி குதித்து மெல்ல ஊன்றுதல். நார்வே நாட்டில் காற்பந்தாடும் 13 முதல் 17 வயதுச் சிறுமியர் 1,892 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. இவ்வகைப் பயிற்சி செய்தோரிடையே கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. காற்பந்துக்கென வகுத்ததாயினும், கபடி ஆடும் கால்களும் அதே கால்கள்தாமே!

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு வாசகர் சிலர் நம்மைக் கோபித்துக்கொள்ளக்கூடும். பிள்ளைக்கு அடிபட்டதும் எண்ணெய் தேய்த்து நீவுகிறோமே, அதை நிறுத்த வேண்டும். வளரும் எலும்பின் நுனிக்கருகே குருத்தெலும்பாலான வளர்தகடு ஒன்று உண்டு. அது சுற்றியுள்ள சவ்வைக் காட்டிலும் மென்மையானது. ஆகவே பெரியவருக்குச் சுளுக்காக முடிவது, பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அத்தகட்டின் முறிவாக இருக்கலாம். நீவினால் கேடு மிகும். கவனியாது விட்டால் அந்தக் கால் வளைந்தோ குட்டையாகவோ வளரவும் கூடும். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவது அதனினும் ஆபத்து. விரல் மரத்துப்போகிறது, வலி தாளவில்லை என்று பிள்ளை சொன்னால் கட்டை அப்போதே தளர்த்துங்கள். இரத்தம் ஓடாத கை கால் சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். தளர அணைகட்டி, ஈரத்துணி போட்டு, காலூன்ற விடாமல் அழைத்துச் செல்லுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மலையிறங்கும் பாதை நீண்டதுதான். அதற்காக மூன்று நாள் காத்திருத்தல் தகாது.

மறுநாளே ஆடவும் விடாதீர்கள். ஊர் மானம் என்பார்கள். நொண்டியபடி ஆடுபவனைக் கைதட்டி ஊக்குவிப்போரும் நாம்தாம்.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே, பாடிச் சென்ற கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சரிந்து உயிர்நீத்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். இளைஞனின் இதயமும் திடீரென நிற்கக்கூடும். கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் குழுவினர், மார்பை அழுத்தி உயிர்காக்கப் பழகிய இருவரைக் களத்தருகே நிறுத்தலாகாதா? சரிந்தவன் மூச்சின்றிக் கிடந்தால், 108-ஐ அழைத்துவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும் இரண்டு அங்குல ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வண்டி வந்து சேரும்வரை ஓயாது அழுத்த வேண்டும்.